எழுபத்திரண்டு மணித்தியாலம்

புதன், இரவு எட்டு இருபது.
காப்புறுதிக்காரன் தந்த கலண்டரில்
துசாந்தினி நேரத்தைக் குறிக்கிறாள்.
அடுத்தது சனி, எட்டு இருபது.
இடையில் நோ வந்து கதவை உடைத்தாலும்
இரண்டாவது ஒட்டக்கூடாது.

போன முறை இடது தோள். இந்த முறை வலது.
தீப்பெட்டி அளவும் இல்லை இது,
வெங்காயத் தோல் போல மெல்லிசு.
பதினாறு வருசமாய் உணவக நிலவறையிலிருந்து
உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய முதுகை
இது என்ன செய்துவிடும் என்று சிரித்தவன்தான் நான்.
முதல் மூன்று இரவும்
புர்க்டோர்ஃபில் கடைசி ரயில் வந்து நிற்பதைக்கூடக்
கேட்காமல் கிடந்தேன்.
பேந்து சிரிக்கவில்லை.

நோவுக்கு எங்களிடம் இருக்கிற மொழி முழுக்கச் சூடு.
ஒத்தடம். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து வைப்பது.
கொதிக்கக் கொதிக்க முதுகில் ஊற்றுகிற தண்ணி.
இது தை மாதம், எம்மெ ஆறு
கரையோடு உறைந்து கிடக்கிறது,
மருந்துக்கடை எக்கிமான் அம்மா சொல்கிறா:
சுடுதண்ணிப் பை வேண்டாம், மின்போர்வை வேண்டாம்,
சூடு பட்டால் மூன்று நாள் மருந்து
அவசரப்பட்டு உள்ளே இறங்கும்.
இறங்கினால்?
நித்திரை வரும்.
நல்லதுதானே, என்றேன்.
உங்கள் மூச்சும் சேர்ந்து நித்திரை கொள்ளும், என்றா.
என் ஜெர்மன் அரைகுறை.
அந்த வசனம் மட்டும் முழுசாய் விளங்கியது.

சங்கக் கூட்டம் முடிய றெஜினோல்ட் அண்ணை காதுக்குள்,
"முழங்கால் உயிர் போகுது,
உன்ர ஒட்டியில ஒண்டு தாவன்."
கார் கேட்டால் திறப்பைத் தருவேன்.
ஐந்நூறு பிராங் கேட்டால் திகதி கேட்காமல் தருவேன்.
இதில் என் பெயர் அடித்திருக்கு அண்ணை,
உங்கள் உடம்பை இதற்குத் தெரியாது.
முகம் கறுத்துப் போனார். இன்னும் கதைப்பதில்லை.
உயிரோடு கோபமாய் இருக்கிறார்.

வெள்ளி, விடியற்புறம் மூன்று பத்து.
முதுகு எழுப்பியது.
வலது தோளைத் தடவினேன்.
வெறும் தோல்.

பக்கத்தில் மகள். ஆருத்ரா, நாலு வயது,
கெட்ட கனவென்று நடுச்சாமம் வந்து
என் கைக்குள் சுருண்டவள்.
கைபேசி வெளிச்சத்தில்
கழுத்து மடிப்பு, கக்கம், உள்ளங்கால்,
பைஜாமாவைத் தூக்கி முதுகு.
விரலில் தட்டியது ஒரு விளிம்பு.

எவ்வளவு நேரம் நான் மூச்சு விடவில்லையோ தெரியாது.
அவள் விட்டுக்கொண்டிருந்தாள்.
ஒன்று.
இரண்டு.
வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்தேன்.
முயல்.
தொப்பி போட்ட முயல், பாலர் பள்ளி ஸ்டிக்கர்,
ஒரு காது கிழிந்தது.

துசாந்தினி லைற்றைப் போட்டாள்.
போர்வையை உதறினோம், தலையணை உறைகளைக் கழற்றினோம்.
ஒரு வருசமாய்ச் சப்பாத்து நூல் கட்டக் குனியாதவன்
கட்டிலுக்குக் கீழே படுத்துத் தேடினேன்.
கடைசியில் என் பெனியனின் கைக்குள்,
பசைப்பக்கம் துணியைக் கவ்வியபடி,
ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

பசையோடு பசை சேர மடித்தாள்.
குப்பையில் போடவில்லை.
குளவியைப் பிடித்து அடைப்பது போல
தேத்தண்ணிக் கோப்பையை அதன் மேல் கவிழ்த்து
அலுமாரி உச்சியில் வைத்தாள்.
சவர்க்காரம் இல்லாமல்
வெறும் தண்ணியில் கை கழுவினாள், இரண்டு தரம்.

இப்போதே புதுசு ஒட்டலாமா,
எந்த மணியிலிருந்து எண்ணுவது?
எக்கிமான் அம்மா எட்டுக்குத்தான் திறப்பா.
கேட்டுவிட்டு ஒட்டுவோம் என்றாள்.
நாலரை மணித்தியாலம்.
நோவோடு இருந்துவிடலாம், தெரிந்த ஆள்தானே.

குசினிக் கதிரையை அறை வாசலுக்கு இழுத்துப் போட்டு
அந்தச் சின்ன மூச்சு
போவதையும் வருவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஆறு மணிபோல் எழுந்து போய்
முயலை மெல்ல உரித்தேன்.
அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.