ஐந்தாவது துளை

முதல் தாளில்
என் ஐந்து துளைகளையும் மூட
ஒரு மாரி பிஸ்கட் தேவைப்பட்டது.
ரொஸ்லின் வைத்துப் பார்த்தாள்,
பிறகு எடுத்துத் தின்றாள்.
"நடுப்புள்ளி கிடக்கட்டும், முதலில் கூட்டத்தைச் சேர்"
என்றாள், வாயில் தூளோடு.

உண்மைதான்.
நடுப்புள்ளி இரண்டு திருகலில் வந்துவிடும்.
வராதது
போன இடத்துக்கே திரும்பப் போவது.

தியத்தலாவைக்கு மேலே
பத்தனைச் சரிவை வெட்டிச் சமன் செய்த ஐம்பது மீற்றர்.
இங்கே காற்று ஒன்றல்ல.
என் முழங்கையருகே மானாப்புல் சும்மா நிற்கும்,
நடுவில் நிற்பது அப்புத்தளைப் பக்கம் சாயும்,
தாளின் காலடியில் உள்ளதோ
மறுத்துத் தலையாட்டும்.
மூன்றும் ஒத்துப்போகும் ஒரு நொடிக்காகக் கிடப்பேன்.
அந்த நொடிக்குச் சற்று முன்னால்
மூட்டம் வந்து தாளை எடுத்துக்கொண்டு போகும்.
ரவையைக் கழற்றிவிட்டு
பிளேன்டீ குடிப்போம்.

நான் மாற்றிப் பார்க்காதது எதுவுமில்லை.
வாரை ஓர் ஓட்டை இறுக்கினேன்.
மணல் பையில் பாதிக்குத் தவிடு போட்டேன்;
தவிட்டை எலி தின்றது.
தொகுதி இலக்கம் பார்த்து
வேறு பெட்டி ரவை வாங்கியதில்
அந்த மாதம் செருப்பு வாங்கவில்லை.
பிஸ்கட் கொஞ்சம் சுருங்கியது.
ஒரு துளை மட்டும்
எப்போதும் கீழே, இடப்பக்கம்,
கலியாண வீட்டில் கேற்றுக்கு வெளியே நிற்கும்
கோபக்கார மாமா மாதிரி.

ஆயுத அறை விமலசூரிய
ஒரு சனிக்கிழமை பக்கத்தில் குந்தினார்.
"நான் போட்டுத் தாறன். நீ பார்க்க வேணாம்."
ஒன்று, வெடித்தது.
இரண்டு, வெடித்தது.
மூன்று:
டிக்.

வெறும் கோது.
சத்தமில்லை, உதையில்லை, புகையில்லை.
ஆனாலும் குழலின் மூக்கு
குனிந்து எழுந்தது,
பெரிய துரையைக் கண்ட மாதிரி.
எல்லோரும் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.

சின்ன வயதில் ஏதும் வெடித்ததா என்று
ரொஸ்லின் மெதுவாகக் கேட்டாள்.
பன்றிக்குக் கட்டின கட்டுத்துவக்கு,
றோட்டுக்குக் கல் உடைத்த வேட்டு,
எங்கள் பக்கம் எல்லோரிடமும் உண்டு
ஒரு வெடிக்கதை.
என்னிடம் இல்லை.
சத்தம் வரப்போகிறது என்று தோளுக்குத் தெரியும்.
என்னைக் கேட்காமல் முந்திக்கொள்கிறது.
அவ்வளவுதான்.

துவக்கை வீட்டுக்குத் தரமாட்டார்கள்.
பண்டாரவளை போடிங் அறையில்
பொத்தான் குடையைத் தோளில் வைத்து
தரையில் குப்புறக் கிடந்தேன்.
விரல் நுனியால் பொத்தானை அமுக்கு,
மெல்ல, இன்னும் மெல்ல,
எப்போது விரியும் என்று
உனக்கே தெரியாதபடி.
வீட்டுக்கார மிஸிஸ் டி அல்விஸ்
கதவைத் திறந்து பார்த்தார்,
மூடிக்கொண்டு போனார்.
அந்த மாதம் முழுக்க வாடகையைப் பற்றிப் பேசவில்லை.

பிறகொரு காலை.
மூச்சைப் பாதிவரை விட்டேன்.
மீதியின் அடியில் சின்னதாய் ஒரு தரை இருக்கிறது,
அதில் நின்றேன்.
புல் மூன்றும் நிமிர்ந்தன.
நான்கு ரவைகள் போனது எனக்குப் பிந்தித்தான் தெரியும்.
தாளில் நான்கும் ஒரே கிழிசல்,
பூச்சி அரித்த இலைபோல.
ஐந்தாவது மேலே, வலப்பக்கம்,
இதுவரை போகாத புது இடத்தில்.

பத்து ரூபாய்க் குற்றியை வைத்தோம்.
நான்கும் மறைந்தன. ஐந்தாவது வெளியே எட்டிப் பார்த்தது.
"அது காத்து. கணக்கில் எடுக்காதே" என்றார் விமலசூரிய.
காற்றில்லை.
ஐந்தாவதைச் சுடும்போது
நான் நான்காவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடிமட்டம் வாங்கி
ஐந்தையும் சேர்த்து அளந்தேன்.
முப்பத்தொரு மில்லிமீற்றர்.
தேதி. யசோதினி.

பதுளை ரயில் கூவிக்கொண்டு போனது.
கேற்றடியில் மழை பிடித்தது.
குடையை அமுக்கினேன், விரியவில்லை,
பொத்தான் தேய்ந்துபோயிருந்தது.
தாளைப் பொலித்தீன் பைக்குள் வைத்து
பஸ் தரிப்பிடம் வரை நனைந்தேன்.