புள்ளிக் கணக்கு

இரவு பதினொன்றரை. காரைக்குடியில் மின்சாரம் போய் வந்து
யு.பி.எஸ். கீச்சிட்டு ஓய்ந்திருக்கிறது.
எட்டாம் நாள் எலியின் மண்ணீரல்
கரைசலாகி, செல் செல்லாய்
லேசரைத் தாண்டிப் போகிறது.
தாண்டியதெல்லாம் திரையில் ஒரு புள்ளி.

எங்களில் கல்யாணமானால் ஒரு புள்ளி.
கோவில் வரி அதன் மேல்தான்.
சாத்தப்பன் போன மறுவருஷம்
கண்டனூர்க் கணக்கர் என் பேருக்கு நேரே
அரை என்று எழுதினார்.
பாதி வரி. ரசீதும் கொடுத்தார்.

திரையில் அரைப்புள்ளி கிடையாது.

கொல்லும் செல்லுக்கு மூன்று சொல் வேண்டும்.
பகையின் துணுக்கைக் காட்டுவது ஒன்று.
ஆமாம், இதேதான் என்று தொட்டுச் சொல்வது இரண்டு.
அதோடு நின்றால் கொஞ்சம் பெருகும், பிறகு
பகையின் முன்னே சும்மா நிற்கும்.
மூன்றாவதைத் தொட்டுச் சொல்ல வேண்டியதில்லை,
நீரில் கரைந்து வரும்.
இன்டர்ஃபெரான் வந்தால்: பெருகு, இப்போது சாகாதே.
இன்டர்லூக்கின் பன்னிரண்டு வந்தால்: கத்தியைத் தீட்டு.

நிறையக் கேட்டவை வலது கீழ்மூலையில் குவிகின்றன.
கையிலிருப்பதை ஒரே வாரத்தில் செலவழிப்பவை.
பத்தில் ஒன்பது மாசக் கடைசியில் இருக்காது.
இடது மேலோரத்தில் கொஞ்சம்,
முழுச் சத்தமும் காதில் விழாதவை,
அல்லது விழுந்தும் அசையாதவை
(எதுவென்று தெரியாமல்தான் என் ஆய்வேடு
மூன்று வருஷமாய் நிற்கிறது).
ஏழாம் இன்டர்லூக்கினுக்கு மட்டும்
கதவைச் சாத்தாமல் வைத்திருக்கும்.
அந்தச் சின்னச் சொல்லைக் குடித்தே
வருஷக்கணக்கில் கிடக்கும்.

அவுகளுக்கு வந்தது வெறும் ஃப்ளூ.
ஒன்பதாம் நாள் மதுரையில் டாக்டர் சொன்னார்,
"கிருமி குறைஞ்சிருச்சும்மா,
உடம்புதான் நிறுத்த மாட்டேங்குது."
உள்ளே எதுவோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது
தீட்டு, தீட்டு, தீட்டு.

அதே கிருமி. அவுகளிடமிருந்துதான் எனக்கு.
மூன்று நாள் இருமினேன், எழுந்து ரசம் வைத்தேன்.
இப்போதும் என் ரத்தத்தில் சில ஆயிரம் செல்
அந்தக் காய்ச்சலை மட்டும் அடையாளம் தெரிந்து
சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.
நான் எண்ணிப் பார்த்ததில்லை.
ஊசி போட ஒரு நிமிஷம், சாயம் ஏற்ற ஒரு மணி நேரம்.
இங்கே எல்லாம் இருக்கிறது.

இடது ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுக்கிறேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
கோப்புக்குப் பெயர் கேட்கிறது கணினி.
தேதியை மட்டும் போடுகிறேன்.
குழாயில் ப்ளீச் விட வேண்டும்,
இன்னும் ஐந்து எலி பாக்கி.