ஞாயிறு கழிந்து ஒரு நிமிடம்

பக்கத்துக் கொட்டகையில் மர்டீனாவின் தறி.
சைக்கிள் மாதிரி மிதிக்க வேண்டும்.
பதினெட்டு வருஷமாய் மிதித்தும்
லூயிஸ் தீவை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை
என்று அவளே சிரிப்பாள்.

சனி, பதினொன்று நாற்பது.
திங்கள் விடிந்தால் ஆலை வண்டி.
சத்தம் நின்றது: பாவில் இழை அறுந்திருக்கும்.
கரிய நூல், மங்கல் பல்பு.
எண்ணெய் விரலால் தடவித் தேடுகிறாள் போலும்.
மறுபடி தடக், தடக்.

பன்னிரண்டுக்கு மேல் இங்கே தறி ஓடாது.
ஞாயிறன்று கொடியில் ஒரு சட்டை காய்ந்தாலே
வாரம் முழுக்கப் பேசுவார்கள்.
தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற நானே
முதலில் பேசுவேன்.

மணி அடித்தது.
ஊடை பாதி அகலத்தில் நின்றிருக்கும்.

மறுநாள் காற்று தகரத்தை அறைந்துகொண்டே இருந்தது.
பிரசங்கத்தின் நடுவே அவள் கால்
பெஞ்சுக்கடியில் மிதித்துக்கொண்டிருந்ததை
மூன்று வரிசை தள்ளிப் பார்த்தேன்.

யாரிடமும் சொன்னதில்லை.
பெய்கி இறந்த பிறகு
அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தூக்கம்.
ஓய்வுநாள் ஒன்றுதான்
ஓய்வில்லாத நாள்.

இருட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
ஜெபப் புத்தகம் மடியில்.
பன்னிரண்டு.
பன்னிரண்டு ஒன்று.

தடக்.

விளக்கை அணைத்தேன்.