நள்ளிரவைத் தாண்டும் சூத்திரம்

விகோ துறைமுகம். சாளை மீன் டப்பா ஆலை.
சம்பளப் பிரிவில் நான் ஒருத்திதான்.

இரவு பத்துக்கு வந்தான் பிரண்டான்,
காலை ஆறுக்குப் போனான்.
ஆறிலிருந்து பத்தைக் கழித்தேன்.
கட்டம் முழுக்க வேலிக்கம்பி:
########
பத்தியை அகலமாக்கினேன்.
வேலியும் அகன்றது.

விடிந்ததை விரிதாளுக்கு
யாரும் சொல்லவில்லை.
போன மணி வந்த மணியைவிடச் சிறிதென்றால்
ஒன்றைக் கூட்டு என்றேன்.
அதன் ஊரில் ஒன்று என்றால் ஒரு முழு நாள்.
வேலி விழுந்தது. எட்டு மணி நேரம்.

திங்கள் முதல் சனி வரை இழுத்துக் கூட்டினேன்.
0:00

ஆறு இரவு நின்ற கால்கள்,
உப்பில் வெடித்த விரல்கள்.
இருபத்துநாலைத் தொட்டதும்
முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது,
வாரம் என்ற ஒன்றைக் கேள்விப்படாத கடிகாரம்.

நான் பார்க்காமல் அனுப்பிய சீட்டோடு
செவ்வாய் மாலை வந்து நின்றான்.
மணிக்கு ஒன்பது யூரோ.
சீட்டில் பதினெட்டு.
கோபமில்லை.
"இது எந்த இரவுக்கு?" என்றான்.

உள்ளே இருந்தது சுழியம் அல்ல, இரண்டு.
இரண்டு நாள்.
அதை ஒன்பதால் பெருக்கியிருக்கிறது, விசுவாசமாக.
மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டேன்.
48:00 என்று ஒப்புக்கொண்டது.
இருபத்துநாலால் பெருக்க,
நானூற்று முப்பத்திரண்டு.

அவன் திரையைப் பார்க்கவில்லை. கொட்டாவி விட்டான்.
எனக்கு அது மாலை,
அவனுக்கு அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது.

கீழே உருட்டினேன்.
இரவு முறையில் இன்னும் முப்பத்தொரு பேர்.
ஒருவரும் வந்து கேட்கவில்லை,
இதுவரை.