பையினூடே வாசித்தல்

முன்பெல்லாம் நான்கு மணி நேரம் நானே பேசுவேன்.
வின்னிபெக் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, ஜன்னலில்லாத அறை.
சிறுநீரகம் இரண்டும் களைத்துவிட்டன,
இனி வயிற்றுச் சவ்வுதான் வடிகட்டும் என்று
படம் போட்டுக் காட்டுவேன்.
எல்லாத் தலையும் ஆடும்.
பிறகு இரவு இரண்டு மணிக்கு
ஒரு கையில் குழாய், மறுகையில் மூடி,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்:
"நேர்ஸ், இப்ப எதை முதல் திறக்கிறது?"

நான் பக்கத்தில் இருந்தபோது
அவர்களுக்குக் கேட்பதைத் தவிர வேலையில்லை.
கை நடுங்கியபோது
நான் பக்கத்தில் இல்லை.

பேச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்,
ஏழு நிமிடத் துண்டுகளாக, என் குரலில்.
கை கழுவுவதற்கே ஒரு துண்டு.
இங்கே வரும்போது பிழைகளோடு வாருங்கள் என்றேன்.
"அப்போ நீ என்ன செய்வாய்?" என்றார் மேலாளர்.
பார்த்துக்கொண்டிருப்பேன்.
அது ஒரு வேலையாக அவருக்குத் தெரியவில்லை.
முதல் வாரம் எனக்கும்தான்.
நாக்கைப் பல்லுக்குள் வைத்திருப்பது
ஊசி ஏற்றுவதைவிடக் கடினம்.

தவரூபன் திங்கட்கிழமை வந்தார்.
ஐம்பத்திரண்டு வயது, நெடுந்தூர லொறி.
"வீடியோ பாத்தனீங்களா?"
"பாக்கேல்லை, கேட்டனான்.
பிராண்டனிலயிருந்து ரெஜைனா மட்டும்
உங்கட குரல்தான். கண் ரோட்டில."

பொய்க்குழாய் தைத்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு
கல்யாணச் சமையல்காரர் போல நின்றார்.
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு...
என் வசனங்களை முணுமுணுத்தபடி கழுவினார்.
வீடியோவில் நான் இருமிய இடத்தில்
அவரும் இருமினார்.

குழாய் நுனி ஏப்ரனில் உரசியது.
நான் பேசவில்லை.
இணைக்கப் போனார்.
பேசவில்லை.
கை பாதியில் நின்றது.
"இது ஊத்தையாப் போச்சு, என்ன?"
புதுப் பை எடுத்தார். அன்றைக்கு நான்கு பை போயிற்று.
'வீணானவை' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு
'கற்றது நான்கு' என்று எழுதிக் கொடுத்தேன்.
இன்னும் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் கேட்டது
எந்தத் துண்டிலும் இல்லை.
"பூட்டேக்க காத்து ஓடக் கூடாது,
ஹீட்டரை நிப்பாட்டச் சொல்லுறீங்கள்.
வெளியில மைனஸ் முப்பது.
லொறிக்குள்ள நான் என்ன செய்யிறது?"

தெரியாது என்றேன்.
பன்னிரண்டு வருடத்தில்
அந்த அறைக்குள் நான் சொல்லாத சொல்.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினோம்.
வாகனத் தரிப்பிடத்தின் கடைசி வரிசையில் அவருடைய லொறி.
ஏறத் தெரியாமல் நான் தொங்கியபோது
வலக்காலை எங்கே வைப்பதென்று அவர் சொல்லவில்லை.
பார்த்துக்கொண்டு நின்றார், பாவி.

எஞ்சினை அணைத்தார். ஹீட்டர் மூச்சு விட்டு ஓய்ந்தது.
எங்கள் மூச்சு புகையாகும்வரை
போனில் நேரம் பார்த்தோம்.
பதினொரு நிமிடம்.
பூட்டுவதற்கு நாலே போதும்;
பூட்டின பிறகு ஹீட்டர் ஓடலாம்.
ஜாக்கெட் கொழுவுகிற கொக்கியில் பையைத் தொங்கவிட்டார்.
"அந்தக் கதவால ஊதும், இஞ்சால இருங்கோ."
இருந்தேன்.
பேனா உறைந்துபோனதால்
மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக இரண்டு பைகளை நீட்டினேன்.
ஒன்றில் வெறும் தண்ணீர்,
மற்றதில் துளிப் பால் கலந்து வைத்திருந்தேன்.
மளிகைக் கடையில் சும்மா கிடைக்கிற தமிழ்ப் பத்திரிகையை
முதல் பைக்குப் பின்னால் பிடித்து வாசித்தார்:
"ஆட்டிறைச்சி, இறாத்தல் எட்டு டொலர்,
சனி ஞாயிறு மட்டும்."
சிரித்தார்.

இரண்டாவது பையில் எழுத்தில்லை.
பத்திரிகையைக் கிட்டக் கொண்டுவந்தார். தூரப் பிடித்தார்.
என்னைப் பார்த்தார்.
வெளியே பனி வழிக்கிற வண்டி
ஒரு தரம் சுற்றி வந்தது.

"கலங்கலெண்டால் ஓடக் கூடாது," என்றார் மெல்ல.
"ஓரங்கட்டிப்போட்டு உங்களுக்கு அடிக்க வேணும்.
பையை எறியாமக் கொண்டு வர வேணும்."

தலையாட்டினேன்.

அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.
"அடிச்சால், நீங்கள்
கதைப்பியள்தானே?"