மூன்றாவது வரைவு

நவம்பர் பத்து. மழை.
கல்லடியில் எங்கள் அலுவலகக் கூரைக்கு
ஓட்டை இரண்டு, வாளி ஒன்று.
ஒழுகாத மூலைக்கு மேசையை இழுத்துக்கொண்டு
கொமிட்டி கூடியது: நாலு பேர், தேத்தண்ணி மூன்று.
தவரூபனுக்குச் சீனி வருத்தம்,
அவருக்கு வெறும் சுடுதண்ணி.

வெண்பலகையில் எழுதினேன்:
வேன் ஒன்று. சிறுநீரக நோயாளர் பதினொரு பேர்.
படுவான்கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக்
கிழமைக்கு மூன்று ஓட்டம்.
இரத்தம் கழுவி வீடு சேர
ஓட்டம் ஒன்றுக்கு ஒன்பதாயிரத்து நானூறு.
வருசத்துக்குப் பெருக்கினேன்.
பதினாலு லட்சத்து அறுபத்தாறாயிரத்து நானூறு.
பலகை ஈரம். பூச்சியங்கள் வழிந்தன.

"கையில இருக்கிறது பெப்ரவரி மட்டும்" என்றார் டெரிக்.
ரயில்வேயில் இருந்த மனுசன்.
காசையும் நேர அட்டவணையாகத்தான் பார்ப்பார்.

முதல் வரைவு நஸ்மியாவினுடையது.
'நலிவுற்ற' மூன்று இடம், 'கருணை உள்ளம்' நாலு இடம்.
படம்: ஊசி குத்திக் குத்தி வீங்கிய ஒரு கை.
கை ஞானமலருடையது.
சம்மதம் கேட்க வேனடிக்குப் போனேன்.
"கையைப் போடு புள்ள, காப்பை வெட்டிப்போடு.
கனடாவில தங்கச்சி கண்டாளெண்டா
இருக்குத்தானே எண்டு அனுப்புறதை நிப்பாட்டிருவாள்."
ஜன்னலை மூடப்போனவள் திரும்பவும் திறந்தாள்.
"மறுகா, என்ட மூஞ்சி என்னத்துக்கு வேணாமாம்?"

இரண்டாவது வரைவு நான். முழுக்கக் கணக்கு.
"கரண்ட் பில் மாதிரிக் கிடக்கு" என்றார் டெரிக்.

எப்போது கேட்பது?
வயல்காரரிடம் இப்போது போகாதே,
விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறார்கள்.
அறுவடை முடியட்டும், மூடையாகக் கேட்கலாம்.
காத்தான்குடிக் கடைகளுக்கு நோன்பு மாசம்தான் சரி,
இப்போது போனால் தேத்தண்ணி தருவார்கள் என்றாள் நஸ்மியா.
ரீச்சர்மாருக்குச் சம்பளம் விழுந்த மறுநாள்.
வெளிநாட்டுக்கு டிசம்பர் மூன்று.
"இருபத்தாறாந் தேதி அனுப்பினா என்ன?
அண்டைக்கு எல்லாற்ற மனசும் இந்தக் கரையிலதானே"
என்றார் தவரூபன்.
வாளியில் சொட்டு விழுகிற சத்தம்.
"டச்பாரில எனக்கு ஒரு வீடு இருந்தது" என்றார் டெரிக்.
நான் எழுந்து இருபத்தாறை அழித்தேன்.

பிறகு பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம்.
போன வருசம் தந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
நன்றி சொல்லி நாங்கள் எழுதியது ஒன்பது.
மிச்சப் பேருக்கு வாய் திறக்காமல்
இன்னொருக்கா கை நீட்டப் பார்த்திருக்கிறோம்.

இரண்டு கிழமை கேட்கவே இல்லை. கோல் மட்டும்.
லோசானில் ஒருவர், ஹோட்டல் கிச்சின் சத்தத்துக்கு நடுவில்:
"காசா?"
"இல்ல, சும்மா. நீங்க தந்ததில வேன் ஓடுது எண்டு சொல்ல."
பீங்கான் கழுவுவது நின்றது.
"சும்மா ஆரும் எனக்கு எடுக்கிறல்ல" என்றார்.
பிறகு, "மண்டூர் ரோட்டில தண்ணியா?"
தண்ணிதான், அண்ணன். முழங்கால் மட்டும்.

மூன்றாவது வரைவு ஆறு வரி.
ஞானமலர் முழு முகமாகச் சிரிக்கிறாள், காப்போடு.
சிரிக்கிற முகத்துக்கு ஆர் காசு தருவார்
என்று தவரூபன் இன்னும் முணுமுணுக்கிறார்,
அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.
கீழே: ஒரு வியாழக்கிழமையின் விலை
ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.
நீங்கள் ஒன்று வாங்குங்கள்.

பலகையில் நூற்றைம்பத்தாறு கட்டம் கீறினோம்.

டிசம்பர் மூன்று, பின்னேரம்.
வெல்லாவெளியில் வேன் நின்றுவிட,
உழவு மெசின் பெட்டியில் தண்ணி கடந்து வந்தவள்
நனைந்த இருநூறு ரூபாய்த் தாளை மேசையில் விரித்தாள்.
"எனக்கும் ஒரு துண்டு வியாழக்கிழமை தா."

வாங்கக் கூடாது என்று நான் வாயெடுக்க முதல்
டெரிக் கார்பன் தாளைச் செருகிவிட்டார்.
பேர், தொகை, கையொப்பம்.
பிறகு எழுந்து போய், முதல் கட்டத்தின் ஓரத்தில்
நகத்தளவு நிறம் தீட்டினார்.

"மிச்சம் ஒன்பதாயிரத்து இருநூறு" என்றார்.