இருநூறு

மெழுகால் ஊசிமுனையில் ஒட்டிய ஆண்கொசு.
தலையில் இரண்டு இறகுக் குச்சிகள்,
அடியில் வெங்காய வடிவில் ஒரு முடிச்சு.
காது என்று அதற்கு உள்ளது அவ்வளவே.

பெண்ணின் சிறகொலியை வைக்கிறேன்: நானூறு.
திரையில் கோடு அசையவில்லை.
"செவிடா?" என்கிறாள் ஷு லின்
கதவுக்கு வெளியே கோப்பிப் பையை ஆட்டியபடி.

அவனுடைய சொந்தச் சிறகையும் கலக்கிறேன்: அறுநூறு.
கோடு துள்ளுகிறது
இருநூறில்.
இரண்டு பேரும் எழுப்பாத ஒலி.
கழித்தால் மட்டும் வருவது.

சுவரில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு
அவள் இல்லவே இல்லை.
பறக்க வேண்டும்,
தன் இரைச்சலோடு போய் அவள் இரைச்சலில் மோத வேண்டும்.
அப்போதும் கேட்பது அவள் குரலல்ல,
எவ்வளவு வேறு என்பது.

யீஷூன். பன்னிரண்டாவது மாடி.
சாங்கியில் பெட்டி ஏற்றி ஏற்றி
எஞ்சின் சத்தத்துக்குப் பாதிக் காதைக் கொடுத்த பரிதி
வாசலிலேயே தொடங்கிவிட்டான்:
"பூச்சட்டித் தட்டில் தண்ணி நிக்குது.
கொசு ஆபீஸ்காரி வீட்டுக்கே அபராதம் வரட்டும்,
நீயே கட்டு!"

வழக்கமாக நான் பேசமாட்டேன்.
சுவரில் உட்கார்ந்துகொள்வேன்.
இன்று அவன் முடிக்கும் முன்பே ஆரம்பித்தேன்.
தட்டில் தொடங்கி, மூன்று வருடம் பின்னால் போய்,
அவன் அம்மாவின் மருத்துவச் செலவு வரை.
அவனும் நிறுத்தவில்லை.
எதிர்வீட்டு மேடம் ஜன்னலைச் சாத்தினார்.

நடுவில் எங்கோ
அவனும் சொல்லாத, நானும் சொல்லாத ஒன்று
கேட்டது.

அவனுக்கு எந்தக் காதில் விழுந்ததோ.
பேசிக்கொண்டே போய்
தட்டைக் கவிழ்த்தான்.